ஸ்காபரோ வீடு ஒன்றின் பின்வளவு நீர்த்தேக்கமும் நிலம் உறையுமுன் அதைச் சீர்செய்த விதமும்

ரொறன்ரோ மாநகரின் கிழக்கே, ஸ்காபரோவில், 1960களின் பிற்பகுதியில் எழுந்த குடியிருப்பு ஒன்றிலுள்ள, ஒரே தளம் கொண்ட பங்களோ வீடு இவ்வாய்வின் பொருள். வீட்டார் கேட்டுக்கொண்டதால் தெருவின் பெயரும் பிற அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. காணி ஏறத்தாழ 50 அடி அகலமும் 120 அடி நீளமும் உடையது. முன்புறம் தெருவோரமாக ஒரு முதிர்ந்த நோர்வே மேப்பிள் மரம் நிற்கிறது. பின்புறம் புற்றரை, கருவிகள் வைக்கும் சிறு கொட்டில், பின்வேலியை ஒட்டிப் பலகை அடித்து உயர்த்திய காய்கறிப் பாத்திகள். பேஸ்மென்ட் சுவர், அக்காலத்து வழக்கப்படி, உள்ளே வெற்றிடம் கொண்ட கொங்கிறீற் கற்களால் கட்டப்பட்டது. பேஸ்மென்டில் வாடகைக்குக் குடியிருப்போர் உள்ளனர். அவர்கள் வந்துபோகும் பக்கவாசலும் அதற்குச் செல்லும் கொங்கிறீற் நடைபாதையும் வீட்டின் மேற்குப் பக்கத்தில், சுவருக்கும் வேலிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில் அமைந்துள்ளன.

வீட்டாரின் முறைப்பாடுகள் மூன்று. மழை ஓய்ந்து நாட்கள் கழிந்த பின்னும் பின்வளவின் நடுப்பகுதி காலை வைத்தால் புதையும் நிலையில் இருந்தது. குளிர்காலத்தில் பக்க நடைபாதையில் பனிக்கட்டி படிந்து, உப்புத் தூவத் தூவ மறுநாளும் அதே இடத்தில் படிந்தது. பேஸ்மென்டின் வடமேற்கு மூலையில் சுவர் ஈரமாகி, பூச்சு உதிர்ந்து, உவர் பூத்திருந்தது. இவற்றை அவர்கள் தொடர்பற்ற மூன்று குறைகளாகவே கருதியிருந்தனர். ஆகவே புற்றரைக்கு மணல் தூவினர், நடைபாதைக்கு உப்பு வாங்கினர், சுவருக்கு ஈரம் தாங்கும் வண்ணம் பூசினர். மூன்றும் பலிக்காத நிலையில், நீர்காப்பு வேலை செய்யும் நிறுவனம் ஒன்றை அழைத்திருந்தனர். பேஸ்மென்டின் தரையைச் சுவரோரமாக உடைத்து, உட்புறத்தில் வடிகுழாய் பதித்து, குழி தோண்டி, அதில் சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் பொருத்துவதற்கு அந்நிறுவனம் பத்தாயிரம் டொலருக்குக் குறையாத தொகையொன்றை மதிப்பிட்டுக் கொடுத்திருந்தது. மதிப்பீட்டில் பேஸ்மென்டின் நீள அகலங்கள் துல்லியமாக இருந்தன. பின்வளவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த நிலையில்தான், ஓகஸ்ட் மாத இறுதியில், இரண்டாவது கருத்துக்காக, வளவு வடிகால் வேலை செய்யும் எங்களை வீட்டார் அணுகினர்.

அந்த மாதம் இவ்வாய்வில் முக்கியமானது. ரொறன்ரோவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையும் பனியும் விழுகின்றன. அவை பருவமழை நாடுகளைப் போல இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்வதில்லை, பன்னிரண்டு மாதங்களுக்கும் ஓரளவு சமமாகவே பகிரப்படுகின்றன. ஆயினும் ஒரே அளவு மழை, ஜூலையில் நிலத்துக்குச் செய்வது வேறு, நவம்பரில் செய்வது வேறு. கோடையில் புல்லும் மரங்களும் நீரை உறிஞ்சி வெளியேற்றுகின்றன, வெயில் மேல்மண்ணை உலர்த்துகிறது. ஒக்ரோபரில் இலை உதிர்ந்ததும் அந்த இரு வேலைகளும் ஏறத்தாழ நின்றுவிடுவதால், பெய்வதெல்லாம் மண்ணிலேயே தங்குகிறது. டிசம்பரில் நிலம் உறையும்போது மண் எவ்வளவு ஈரமாக இருந்ததோ அதைப் பொறுத்தே வரும் மாதங்களில் அதன் நடத்தை அமையும்: உலர்ந்த நிலையில் உறைந்த மண்ணில் துளைகள் திறந்திருப்பதால் உருகும் பனிநீர் ஓரளவு உள்ளே இறங்கும், நீர் தோய்ந்த நிலையில் உறைந்த களிமண்ணோ, துளைகளெல்லாம் பனிக்கட்டியால் அடைபட்டு, தார் போட்ட நிலத்தைப் போல நீரை உள்ளே விடாது. ஜனவரியில் இடையிடையே வரும் இளஞ்சூட்டு நாட்களில் பனி உருகி, அதன்மேல் மழையும் பெய்தால், அந்நீர் முழுவதும் நிலத்தின் மேலாகவே ஓடித் தாழ்ந்த இடத்தைத் தேடும். வீட்டின் சுவரோரம் தாழ்ந்திருந்தால் அங்கேதான் போய்ச் சேரும். ஆகவே பின்வளவில் நீர் தேங்குவது கோடையில் ஒரு தொல்லை மட்டுமே; அதே தேக்கத்தோடு குளிர்காலத்துக்குள் நுழைவது வீட்டின் அத்திவாரத்தைப் பாதிக்கும் விடயம்.

மண்ணின் தன்மை நிலைமையை மேலும் இறுக்கியது. ஸ்காபரோவின் தென்பகுதியில், பனியுகத்தின் இறுதியில் இருந்த இரொக்குவா (Iroquois) ஏரியின் பழைய கரைக்குக் கீழே, மணல் கலந்த நிலம் பரவலாகக் காணப்படும். அக்கரைக்கு வடக்கே பனியாறுகள் விட்டுச்சென்ற, களிமண்ணும் வண்டலும் கல்லும் கலந்து இறுகிய மண்ணே பெரும்பாலும் கிடைக்கிறது. நாம் பார்த்த வீடு வடக்குப் பகுதியைச் சேர்ந்தது. பின்வளவில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒருமுறை நீர் நிரப்பி மண்ணை ஊறவிட்டு, பின்னர் மீண்டும் நிரப்பி நீர்மட்டம் இறங்குவதை அளந்தபோது, மணிக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே இறங்கியது. மழைநீரை மண்ணுக்குள் ஊறவிடும் சல்லிக்குழி அமைப்பதற்கு மணிக்கு 15 மில்லிமீட்டராவது இறங்கக்கூடிய மண் வேண்டுமென்பது இப்பகுதியில் பின்பற்றப்படும் வழிகாட்டல். வீட்டார் இணையத்தில் பார்த்து விரும்பியிருந்த ஊறுகுழித் திட்டம் அந்தக் குழியோடு கைவிடப்பட்டது. இத்தகைய மண்ணில் தோண்டிச் சல்லி நிரப்பிய குழி நீரை உறிஞ்சுவதில்லை. மூடப்பட்ட ஒரு தொட்டியாக அதைத் தாங்கி வைத்திருக்கும்.

அடுத்த கேள்வி, பேஸ்மென்டுக்குள் வருவது எந்த நீர் என்பது. இதில் அவசரப்பட்டால் செலவு முழுவதும் தவறான இடத்தில் போய்விழும். தெருக்கழிவுக் குழாய் நிரம்பித் திரும்பி வரும் நீர், தரையிலுள்ள வடிகால் வாய் வழியாக மேலெழும், மணமும் இருக்கும். நிலத்தடி நீர்மட்டம் உயர்வதால் வரும் நீர், மழைக்கு ஒன்றிரண்டு நாட்கள் கழித்து, சுவரும் தரையும் சேரும் இடத்தில் பல பக்கங்களிலும் கசியும்; வசந்த காலத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும். மேற்பரப்பு நீரோ மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஏதேனும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தோன்றும், மழை நின்றதும் குறையும். வாடகைக்கு இருந்தவர் தந்த விவரமே இங்கு தீர்ப்பாக அமைந்தது. மழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வடமேற்கு மூலை மட்டும் நனைகிறது, தரை வடிகாலில் ஒருபோதும் நீர் மேலெழுந்ததில்லை, மற்ற மூன்று மூலைகளும் உலர்ந்தே இருக்கின்றன என்றார் அவர். வீட்டு உரிமையாளர்கள் இதை அவரிடம் கேட்டிருக்கவில்லை என்பது வியப்புக்குரியதன்று. சுவர் நனைவதை மறுநாள் காலையில்தான் அவர்கள் பார்த்தார்கள், நனையும் நேரத்தில் அங்கே வசித்தவர் அவரே.

மேற்பரப்பு நீர்தான் என்று தெளிவான பின், அது விழும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். இவ்வீட்டுக் கூரையின் பின்பாதி ஏறத்தாழ 55 சதுர மீட்டர். எனவே 25 மில்லிமீட்டர் பெய்யும் சாதாரண இலையுதிர்கால மழையொன்றில் ஏறத்தாழ 1,400 லீற்றர் நீர் கூரையோரத்தில் மழைநீரை ஏந்தும் பின்பக்கப் பீலியில் மட்டும் சேர்கிறது. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் 126 மில்லிமீட்டர் பதிவானது. அத்தகைய மழை இந்த வளவில் பெய்திருந்தால் அதே பீலி ஏறத்தாழ 7,000 லீற்றர் சுமக்க வேண்டியிருந்திருக்கும்.

பழைய நாட்களில் அந்நீர் பீலிக்குழாய் வழியாக நிலத்துக்குள் புதைந்த குழாயொன்றில் இறங்கி, தெருவிலுள்ள மழைநீர்க் குழாயைச் சென்றடைந்தது. பெருமழையின்போது மாநகரக் குழாய்கள் நிரம்பிப் பேஸ்மென்டுகளுக்குள் கழிவுநீர் திரும்பிய அனுபவங்களின் பின்னர், ரொறன்ரோ மாநகரசபை 2007 இல் இயற்றிய விதி பீலிக்குழாய்களை அக்குழாய்களிலிருந்து துண்டிப்பதைக் கட்டாயமாக்கியது. 2011 முதல் 2016 வரை கட்டங்கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. விதியின் நோக்கம் சரியானதே. ஆனால் பல வீடுகளில் துண்டிப்பு என்பது, குழாயை நிலமட்டத்துக்கு மேலே அறுத்து, வளைவு ஒன்றை மாட்டிவிடுவதோடு முடிந்துபோனது. இவ்வீட்டிலும் அதுவே நடந்திருந்தது. வடமேற்கு மூலையில் வளைவிலிருந்து நீர் விழும் இடம் சுவரிலிருந்து ஒன்றரை அடிதான். அதாவது முன்னர் தெருவுக்குச் சென்ற 1,400 லீற்றரின் ஏறத்தாழ பாதி, துண்டிப்புக்குப் பின், பேஸ்மென்ட் மூலைக்கு நேர்மேலே ஊற்றப்பட்டு வந்தது. ஈரம் எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, "முன்னம் இப்படி இருக்கேல்லை, பீலியை வெட்டின பிறகுதான்" என்று வீட்டின் மூத்த அம்மா சொன்னார். மற்றவர்கள் அதைத் தற்செயலென்று தள்ளியிருந்தனர்.

அங்கே விழும் நீர் அப்பால் ஓடியிருந்தாலும் தீங்கு குறைவாக இருந்திருக்கும். வீட்டைச் சுற்றியுள்ள நிலம் சுவரிலிருந்து விலகி, முதல் இரண்டு மீட்டர் தூரத்துக்கேனும் மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வீதம் தாழ வேண்டும். அதற்கப்பால் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் போதுமானது. புதிதாகக் கட்டும்போது அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டிய குழியைத் தளர்ந்த மண்ணால் நிரப்புகிறார்கள். அந்த மண் பல ஆண்டுகளில் அமர்ந்து, சுவரோரம் பள்ளமாவது எல்லா வீடுகளிலும் நிகழ்வதே. ஊர் மேசன்மார் மட்டம் பார்க்கும் அதே, கண்ணாடிபோல் ஊடுதெரியும் நெகிழ்குழாய் நீர்மட்டத்தைக் கொண்டு அளந்ததில், வடக்குச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிய இடம் சுவரோரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. தாழ வேண்டிய நிலம் உயர்ந்திருந்தது. லேசர் கருவிகள் மலிந்த காலமாயினும், இருபது மீட்டர் குழாயும் சிறிதளவு நீரும் இதற்குப் போதும்; வீட்டாரே அடுத்த ஆண்டும் அளந்து பார்க்கலாம் என்பது அதன் கூடுதல் நன்மை.

மேற்குப் பக்க நடைபாதையும் அதே அமர்வினால் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கவாசல் அமைத்தபோது போட்ட கொங்கிறீற் அது. சுவருக்கும் பாதைக்கும் இடையே விரல் நுழையுமளவு இடைவெளி திறந்து, பாதையில் விழும் நீர் முழுவதும் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அங்கு பனிக்கட்டி படிந்ததற்கு, பின்வளவிலிருந்து வெளியேற வழியின்றி அந்த ஒடுங்கிய பாதை வழியாகத் தெருவை நோக்கி ஊர்ந்துவந்த உருகுநீரே காரணம். பகலில் ஊர்ந்து வந்தது இரவில் உறைந்தது. எவ்வளவு உப்புத் தூவினாலும் மறுநாள் புதிய நீர் வந்தது. கொங்கிறீற்றின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்ததற்கும் இந்த உறைதலும் உருகுதலும் உப்புமே காரணம்.

இனி, பின்வளவு நீர் ஏன் பின்வளவிலேயே நின்றது என்ற கேள்வி மிஞ்சியது. இவ்வகைக் குடியிருப்புகளை வகுத்தவர்கள் வளவுகளின் வடிகாலை வீடு வீடாக அல்லாமல் தொகுதியாகவே வகுத்தார்கள். வளவின் முன்பாதி தெருவுக்கு வடியும். பின்பாதி பின்வேலியோரமாகச் செல்லும் ஆழமற்ற புல்வாய்க்காலுக்குள் வடிந்து, பல வீடுகளுக்குப் பொதுவான அந்த வாய்க்கால் வழியாக, ஏதோ ஒரு வளவின் மூலையிலுள்ள இரும்புக் கிராதி போட்ட கேட்ச் பேசின் எனும் மழைநீர்க் குழியைச் சென்றடையும். புல் மூடிய, அரை அடி ஆழமேயுள்ள இந்த வாய்க்கால் பார்ப்பவர் கண்ணுக்கு வாய்க்காலாகவே தெரியாது. அதனால்தான் அது அழிகிறது. இங்கே அக்கேட்ச் பேசின், கிழக்கே அடுத்த வீட்டின் தூர மூலையில் இருந்தது. அயலவர் அதன்மேல் பூச்சட்டிகளை வைத்திருந்தார். கிராதியின் பாதியை இலைமக்கு மூடியிருந்தது. இவ்வீட்டுப் பின்வேலியிலிருந்து அந்தக் கிராதி வரை, 24 மீட்டர் தூரத்துக்கு, நிலம் 38 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். புல்வாய்க்கால் ஒன்று ஓடுவதற்கு அது போதும்.

ஆக, சரிவு இருந்தது. அதை மறித்து நின்றவை காய்கறிப் பாத்திகள். எட்டு அங்குலப் பலகையால் அடைத்த மூன்று பாத்திகள், நல்ல வெயில் விழும் இடமென்று பார்த்து, வாய்க்காலின் மீதே குறுக்கும் நெடுக்குமாக வைக்கப்பட்டிருந்தன. ஸ்காபரோவிலும் அதையடுத்த மார்க்கம் நகரிலும் தமிழர் வீடுகளின் பின்வளவுகளில் கோடைதோறும் கத்தரியும் மிளகாயும் வெண்டியும் கீரையும் புடலைப் பந்தலும் தழைப்பதைக் காண்பவர்கள், பெரும்பாலானவை வேலியோரமாகவே இருப்பதையும் கவனித்திருப்பார்கள். வேலி பந்தலுக்குக் கொழுகொம்பாகும், புற்றரை விளையாட்டுக்கு மிஞ்சும், ஆகவே அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பதே எவருக்கும் தோன்றும். வாய்க்காலும் அங்கேதான் ஓடுகிறது என்பதுதான் சிக்கல். மேற்கேயுள்ள இரு வீடுகளின் நீரும் இந்தப் பாத்திகளில் முட்டித் திரும்பி, இந்த வளவின் நடுவே நின்றிருந்தது. பாத்திகளை அகற்ற வேண்டியிருக்கும் என்று சொன்னபோது, மூத்த அம்மாவின் பதில் ஒரே வசனம்: "எதையும் கிண்டுங்கோ தம்பி, என்ரை கீரைப் பாத்தியை மட்டும் குழப்பிப் போடாதேங்கோ." இந்த நிபந்தனையைத் திட்டத்துக்குள் ஏற்றுக்கொண்டோம். பாத்திகளை முற்றாக அகற்றாமல், ஒன்றரை மீட்டர் வீட்டுப்பக்கமாக நகர்த்தி, வாய்க்காலுக்கு இணையாக நீளவாட்டில் வைப்பதென்று முடிவாகியது.

மொத்த நோயும் இப்படி விளங்கிய பின், மருந்தின் வரிசை தானாகவே அமைந்தது. கூரை நீரைச் சுவரிலிருந்து அகற்றுவது முதல் வேலை. சுவரோர நிலத்தைச் சரிப்படுத்துவது இரண்டாவது. வாய்க்காலைத் திறப்பது மூன்றாவது. இம்மூன்றினாலும் தீராத இடத்துக்கு மட்டும் குழாய். நீர்த்தேக்கம் என்றதும் முதலில் சல்லியும் துளைக்குழாயும் வாங்கப் புறப்படுவோரே அதிகம். குழாய் புதைப்பது வேலை செய்ததாகத் தோற்றமளிக்கும், மண் கொட்டிச் சரிவாக்குவது அப்படித் தோற்றமளிக்காது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நிலத்தின் மேலே ஓடிப்போகக்கூடிய நீரை நிலத்துக்குள் இறக்கிப் பின் குழாயால் வெளியேற்றுவது, களிமண் நாட்டில், கூடிய செலவில் குறைந்த பயன் பெறும் வழி.

மண்வெட்டியை எடுக்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒன்ராறியோவில் எவ்வளவு சிறிய தோண்டலாயினும், முன்கூட்டியே ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) அமைப்புக்கு அறிவித்து நிலத்தடி இணைப்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டுமென்பது 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த கடப்பாடு. வீட்டாருக்கு அது இலவசம். வேலை நாட்கள் ஐந்து முன்னதாகவேனும் அறிவிக்க வேண்டும், இலையுதிர்காலத்தில் எல்லோரும் ஒரே வேளையில் கேட்பதால் அதைவிடத் தாமதமாகலாம் என்று எண்ணித் திட்டமிடுவதே நலம். குறிப்பவர்கள் மின்சாரத்துக்குச் சிவப்பும், எரிவாயுவுக்கு மஞ்சளும், தொலைத்தொடர்புக்குச் செம்மஞ்சளும், குடிநீருக்கு நீலமும், கழிவுக் குழாய்களுக்குப் பச்சையும் தெளித்துவிட்டுச் செல்வார்கள். கோட்டுக்கு இருபுறமும் ஒரு மீட்டருக்குள் இயந்திரத்தால் தோண்டக் கூடாது, கையால்தான். இங்கே எரிவாயுக் குழாய் மேற்குப் பக்கத்திலேயே, நாங்கள் குழாய் பதிக்க எண்ணியிருந்த அதே தடத்தில் வந்தது. ஆகவே அப்பகுதி முழுவதும் மண்வெட்டி வேலையாகியது. முன்புறத்து மேப்பிள் மரமும் தடத்தை மாற்றியது. தண்டின் விட்டம் 30 சென்டிமீட்டருக்குக் குறையாத மரங்கள் தனியார் காணியில் நின்றாலும் ரொறன்ரோவில் விதியால் பாதுகாக்கப்பட்டவை. வேரை வெட்டுவதும் மரத்தைக் காயப்படுத்துவதாகவே கொள்ளப்படும். தெருவோர மரங்களோ எந்த அளவினவாயினும் மாநகரசபையின் பொறுப்பில் உள்ளவை. எனவே குழாயின் வாய் மரத்திலிருந்து விலகி மேற்கு எல்லைப் பக்கமாகவே முடியும்படி வரையப்பட்டது.

செப்ரெம்பர் முற்பகுதியில் கூரை நீர் கவனிக்கப்பட்டது. வடமேற்கு மூலையில் பீலிக்குழாயின் வளைவுக்கு இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட நீட்சி பொருத்தப்பட்டு, அதன் வாய் புற்றரையில் சிறு கற்கள் பரப்பிய தட்டின்மேல் விடப்பட்டது. புல் வெட்டும்போது தூக்கி மடிக்கக்கூடிய கீல் கொண்ட நீட்சியைத் தேர்ந்தோம். மடிக்க முடியாத நீட்சிகளைப் புல் வெட்டுபவர் ஒருநாள் கழற்றி வைப்பார், பிறகு அது கொட்டிலுக்குள்ளேயே கிடக்கும். அயலவர் வேலியை நோக்கி நீரைத் திருப்பாதிருக்க வேண்டுமென்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. இயல்பாக நிலத்தில் பரவி ஓடும் நீர் ஒன்று, குழாயில் சேர்த்து ஒரே முனையில் பக்கத்துக் காணிக்குள் விடும் நீர் வேறொன்று. பின்னதற்கு எவருக்கும் உரிமையில்லை, சேதம் நேர்ந்தால் பொறுப்பும் ஏற்க வேண்டிவரும்.

சுவரோர நிலத்தை உயர்த்தும் வேலையில் பலரும் தவறும் இடம் மண்ணின் தேர்வு. கடையில் பைகளில் விற்கும் கறுப்பு மேல்மண்ணையும் மரத்தூளையும் சுவரோரம் குவித்தால் பார்வைக்குச் சரிவு கிடைக்கும். ஆனால் அவை நீரை இலகுவாக உள்ளே விடுவன, எனவே நீர் அந்த மேட்டுக்குள் இறங்கி, அடியிலுள்ள பழைய பள்ளத்தின் வழியே மீண்டும் சுவரைச் சேரும். கீழே களிமண் கலந்த நிரப்புமண் வேண்டும். அதை 15 சென்டிமீட்டர் படைகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கி, மேலே 10 சென்டிமீட்டர் மட்டும் மேல்மண் பரப்பிப் புல் விதைத்தோம். வடக்குச் சுவர் முழுவதற்கும் இரண்டு மீட்டரில் 10 சென்டிமீட்டர் தாழ்வு கிடைத்தது. இன்னும் கூட்டியிருக்கலாம், ஆனால் செங்கல் வரிசையின் அடியிலுள்ள காற்றுத் துவாரங்களை மண் மூடிவிடக் கூடாது, செங்கலுக்கும் மண்ணுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் தெரிய வேண்டும் என்ற வரம்பு அதற்கு மேல் போக விடவில்லை. பேஸ்மென்ட் யன்னல் ஒன்றின் முன் மண் உயர்ந்துவிடுவதால் அங்கே மண்ணைத் தடுத்து யன்னலுக்கு வெளிவிடும் வளைதகட்டுக் கிணறு ஒன்றை இறக்கி, அடியில் சல்லி நிரப்பி, இலை விழாதபடி மூடியும் போடப்பட்டது. விதை முளைத்துப் பிடிக்க செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தாக வேண்டும். ஒக்ரோபரில் அதே வேலையைச் செய்திருந்தால் புற்றரைச் சுருள்களை வாங்கிப் பதிக்க நேர்ந்திருக்கும். வெறும் மண்ணாகக் குளிர்காலத்துக்குள் விட்டால் முதல் உருகலிலேயே அது கரைந்து வாய்க்காலை நிரப்பிவிடும்.

வாய்க்கால் வேலை எதிர்பார்த்ததைவிட இலகுவாக முடிந்தது. பாத்திகளை நகர்த்தியதும் பழைய வாய்க்காலின் தடம் மண்ணின் நிறத்திலேயே தெரிந்தது. ஒரு மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் கொண்டதாக, பக்கங்கள் புல் வெட்டும் இயந்திரம் ஏறியிறங்கக்கூடிய சாய்வில், அதைச் செதுக்கி எடுத்தோம். வெட்டிய மண் களிமண்ணாகையால் சுவரோர நிரப்புக்கே பயன்பட்டது. கிழக்கு அயலவரோடு பேசுவது வீட்டாரின் பொறுப்பாக விடப்பட்டது. அவருடைய புற்றரையும் இதே காரணத்தால் ஈரமாக இருந்தபடியால், அவர் பூச்சட்டிகளை எடுத்துவிட்டுக் கிராதியைத் தாமே துப்புரவு செய்துகொடுத்தார். கேட்ச் பேசினுக்குள்ளே மண் படிந்திருந்ததை அகற்றுவது வீட்டார் இறங்கிச் செய்யும் வேலையல்ல. அது மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு அறிவிக்கப்பட்டது.

மேற்குப் பக்கத்துக்கு மட்டுமே குழாய் தேவைப்பட்டது. சுவருக்கும் வேலிக்கும் இடையே பாதை போக எஞ்சிய வெளி ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். அங்கே புல்வாய்க்காலுக்கு இடமில்லை. வேலியோரமாக 45 சென்டிமீட்டர் ஆழத்தில் சால் தோண்டி, மண்ணை வடிகட்டும் துணியை விரித்து, 19 மில்லிமீட்டர் தூசி நீக்கிய சல்லி பரப்பி, துளையுள்ள நான்கு அங்குலக் குழாயைப் பதித்து, மீண்டும் சல்லியிட்டுத் துணியால் மூடினோம். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நெளிகுழாயை விடுத்து, விறைப்பான வெள்ளைக் குழாயைத் தேர்ந்தது வேண்டுமென்றே. ஒன்ராறியோவின் தென்பகுதியில் நிலம் 1.2 மீட்டர் ஆழம் வரை உறையக்கூடும் என்று வைத்தே அத்திவாரங்கள் அமைக்கப்படுகின்றன. ஆகவே 45 சென்டிமீட்டரில் கிடக்கும் எந்தக் குழாயும் உறைநிலைக்குள்தான் இருக்கும். வெறுமையாக இருக்கும் குழாய் உறைவதால் கேடில்லை. தொய்ந்த இடத்தில் நீர் தேங்கி நிற்கும் குழாய் அந்த இடத்தில் பனிக்கட்டியால் அடைபட்டு, ஜனவரி உருகலின்போது பயன்படாமற் போகும். நெளிகுழாய் தொய்வின்றிக் கிடப்பது அரிது. 12 மீட்டர் நீளத்துக்கு 12 சென்டிமீட்டர் தாழ்வு, இடையில் எங்கும் பள்ளமின்றி, அங்குலம் அங்குலமாகச் சரிபார்க்கப்பட்டது. குழாயின் வாய்க்கு, நீர் வந்தால் தானே திறக்கும் மூடி வைப்பதை இங்கே பலர் விரும்புகிறார்கள். அதன் அடியில் எப்போதும் சிறிது நீர் நிற்கும், முதல் உறைபனியிலேயே அது இறுகிவிடும். முன்புறச் சரிவில் கிராதியிட்ட திறந்த வாயாகவே விட்டோம். பொது நடைபாதைக்கு நான்கு மீட்டர் முன்னதாகவே வாய் முடிவதால், வெளிவரும் நீர் புல்லில் பரவி நின்றுவிடும். பாதையை எட்டி உறைந்து யாரையும் வீழ்த்தாது.

சுவர்ப்பக்கம் சாய்ந்த கொங்கிறீற் பாதையை உடைத்து மீண்டும் போடுவதே முழுமையான தீர்வு. அவ்வாண்டு வரவு செலவுக்குள் அது அடங்கவில்லை. சுவரோர இடைவெளியைத் துப்புரவாக்கி, நுரைக்கயிறு திணித்து, நெகிழும் பசையால் அடைத்தோம். அதை ஓரிரு ஆண்டுக்கான ஏற்பாடாகவே வீட்டாருக்கு எழுத்தில் கொடுத்தோம்.

சம்ப் பம்ப் பற்றி வீட்டார் மீண்டும் கேட்டனர். கழிவுநீர் திரும்புவதைத் தடுக்கும் வால்வு, சம்ப் பம்ப், அத்திவார வடிகுழாயைத் தெருக்குழாயிலிருந்து துண்டித்தல் ஆகியவற்றுக்கு மாநகரசபையின் மானியத் திட்டம் ஒன்று உண்டு. அத்திட்டத்தின் தொகையும் நிபந்தனைகளும் மாறக்கூடியவையாதலால் விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் விதிகளைப் பார்த்துக்கொள்வது அவசியம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையற்ற ஒன்றைப் பொருத்துவது சரியாகாது என்பதே எங்கள் கருத்து. திரும்புநீர் வால்வு மட்டும், இந்த ஈரத்தோடு தொடர்பில்லையெனினும், பேஸ்மென்டில் ஆட்கள் வசிக்கும் வீடாகையால், தனியாக எண்ணிப் பார்க்கத் தக்கது என்று சொல்லப்பட்டது.

நவம்பரில் எஞ்சியிருந்தவை சிறு வேலைகளே; எனினும் அவற்றின் காலம் முக்கியமானது. நோர்வே மேப்பிள் மற்ற மரங்களுக்குப் பிந்தியே இலை உதிர்க்கும். ஒக்ரோபரில் பீலியைத் துப்புரவு செய்து மனநிறைவடைந்தவர்களின் பீலிகள் நவம்பர் நடுப்பகுதியில் மீண்டும் நிரம்பிக் கிடப்பதைக் காணலாம். ஆகவே கடைசி இலை விழுந்த பின்னரே இங்கு பீலி துப்புரவாக்கப்பட்டு, குழாய் வழியே நீர் ஊற்றிச் சோதிக்கப்பட்டது. தோட்டக் குழாயின் உள்வால்வு அடைக்கப்பட்டு, வெளிக்குழாயிலிருந்த நீர் வடிக்கப்பட்டது. பனி தள்ளும் இடமும் மாற்றப்பட்டது. அதுவரை பக்க நடைபாதையின் பனியை வடமேற்கு மூலையில், சுவரோரமாகவே குவித்து வந்தார்கள். புதிதாக விழுந்த பனி பத்து சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது பொதுக்கணக்கு. வாரிக் குவித்து இறுகிய பனியிலோ அதைவிடப் பல மடங்கு நீர் இருக்கும். அந்தக் குவியல் அத்தனையும் உருகலின்போது சுவரடியில் இறங்கியிருந்தது. இனி அது புற்றரையின் நடுவில், வாய்க்காலை நோக்கிச் சரியும் பக்கத்தில் குவிக்கப்பட வேண்டும் என்றும், வாய்க்காலின் மேலேயே குவித்து அதை அடைத்துவிடக் கூடாது என்றும் வாடகைக்கு இருப்பவருக்கும் சொல்லப்பட்டது, பனி தள்ளுபவர் அவர் என்பதால்.

அந்தக் குளிர்காலத்தின் நடுவில் வந்த உருகலில் வடமேற்கு மூலை உலர்ந்தே இருந்தது. பக்க நடைபாதையில் பனிக்கட்டி முற்றாக மறையவில்லை. கொங்கிறீற் சாய்ந்திருக்கும் பக்கவாசலருகே ஒரு பட்டையாகப் படிந்தது, பாதையை மீண்டும் போடும்வரை அது படியும். பின்வளவில் வாய்க்கால் வழியே நீர் ஓடியதை வீட்டார் காணொளியாக எடுத்து அனுப்பினர். வசந்தத்தில் மீண்டும் மட்டம் பார்த்தபோது, வடக்குச் சுவரோர நிரப்பு இரண்டு சென்டிமீட்டர் அமர்ந்திருந்தது. வண்டலும் களிமண்ணும் கலந்த நிலத்தில், அடியிலிருந்து நீரை உறிஞ்சி வளரும் பனித்தகடுகள் மண்ணைத் தூக்கி, பின் உருகி விடுவதால், முதல் ஆண்டில் இது எதிர்பார்க்கத்தக்கதே. அந்த இடத்துக்கு மே மாதத்தில் மீண்டும் மண் போட்டு விதைக்க வேண்டியிருந்தது. மேற்கேயுள்ள வீட்டார் தங்கள் வேலியின் அடியில் புதிதாகப் பலகை அடிக்க எண்ணியிருப்பதாகத் தெரிய வந்ததால், அது வாய்க்காலுக்குக் குறுக்கே வராமல், அவ்விடத்தில் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடிக்கும்படி அவர்களோடு பேசிக்கொள்ளுமாறு அறிவுறுத்தி, அளவுக் குறிப்புகளையும் வாய்க்காலின் வரைபடத்தையும் வீட்டாரிடம் ஒப்படைத்தோம்.